திருவிழாத் திடலில் தன்னார்வக் குதிரை ரோந்து: எங்கே பயன்படும், எங்கே கூடாது

கேள்வியின் சுருக்கம் இது: ஆண்டுதோறும் சில நாட்கள் நடக்கும் பொதுத் திருவிழா ஒன்றின் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறீர்கள். சொந்தக் குதிரை வைத்திருக்கும் சிலர், ஊதியம் எதுவும் வாங்காமல் திடலைச் சுற்றி ரோந்து வர முன்வந்திருக்கிறார்கள். இதனால் உண்மையான பயன் உண்டா, அல்லது கூட்டத்துக்குள் குதிரையை விட்டு வம்பை விலைக்கு வாங்குகிறோமா, ஒப்புக்கொள்வதானால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் நிச்சயமாக உண்டு. ஆனால் பலரும் எதிர்பார்க்கும் இடத்தில் அது இல்லை. குதிரை ரோந்து என்றதும் கூட்டத்தைத் தள்ளி ஒதுக்கும் காவலரின் உருவம்தான் பெரும்பாலோர் மனத்தில் எழுகிறது. தன்னார்வலர்கள் தொடவே கூடாத வேலை அதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும், பார்த்ததை உடனுக்குடன் உரியவரிடம் தெரிவிக்க வேண்டும், உதவி தேடுபவரின் கண்ணுக்குத் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும். இந்த எல்லைக்குள் நின்றால் நான்கைந்து குதிரைகள் கொண்ட சிறு குழுகூட ஒரு பெரிய திடலுக்கு அருமையான துணையாக இருக்கும். எல்லையைத் தாண்டினால், அரை டன் எடையுள்ள, மிரளும் இயல்புடைய ஒரு விலங்கைக் குழந்தைகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியதாகத்தான் முடியும்.

முதலில் இடத்தைப் பற்றிப் பேசுவோம், ஏனெனில் இதில்தான் ஏற்பாட்டாளர்கள் அதிகம் தவறுகிறார்கள். குதிரைகளைக் கடைவீதிக்கும் ராட்டினங்களுக்கும் நடுவே நடக்கவிட்டால் பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்று நினைத்து, நெரிசலான இடத்தையே அவற்றுக்கு ஒதுக்குகிறார்கள். குதிரையின் உயரம் மிக அதிகமாகப் பயன்படும் இடம் வாகன நிறுத்துமிடம். தோளளவில் 15 கை, அதாவது ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள குதிரையின் மீது அமர்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து எட்டடி உயரத்தை எட்டிவிடுகிறது. நடந்துபோகும் காவலாளிக்கு அடுத்த வரிசைக் கார்களின் கூரை மட்டுமே தெரியும்போது, குதிரை மீதிருப்பவருக்குப் பத்துப் பன்னிரண்டு வரிசைகளுக்கு அப்பால் ஒருவர் ஒவ்வொரு கார்க் கதவாக இழுத்துப் பார்த்துக்கொண்டு போவது தெரிந்துவிடும். வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று மறந்து வெயிலில் தடுமாறும் முதியவர், இரண்டு வண்டிகளுக்கு இடையே மயங்கி விழுந்து கிடப்பவர், பூட்டிய காருக்குள் விட்டுச்செல்லப்பட்ட குழந்தை அல்லது நாய் ஆகியோரை முதலில் காண்பவர் பெரும்பாலும் குதிரை மீதிருப்பவராகவே இருப்பார். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் முதல் பத்து நிமிடங்களிலேயே வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடக்கூடும் என்பதால், அந்த ஒரு காரணத்துக்காக மட்டுமே பகல் நேரத்தில் வாகன நிறுத்துமிடத்துக்கு ஒரு சோடிக் குதிரைகளை ஒதுக்குவது தகும் என்பேன். மண்ணும் புல்லும் சேறுமாகக் கிடக்கும் திடல்களில், மிதிவண்டியோ மின்வண்டியோ திணறும் இடத்திலும் குதிரை தடையின்றி நடக்கும்.

வாகன நிறுத்துமிடத்துக்கு அடுத்தபடியாக, திடலின் வெளி வேலி, நுழைவாயில்களுக்கு முந்தைய அகன்ற பாதைகள், முகாம் கூடாரங்கள் இருக்கும் பகுதி, இரவில் மக்கள் வீடு திரும்பும் வழி ஆகியவை பொருத்தமானவை. உள்ளே உணவுக்கடை வரிசை, ராட்டினங்களின் அடிவாரம், மேடைக்கு முன்புள்ள நெரிசல் ஆகியவற்றுக்குக் குதிரை போகவே தேவையில்லை. எவ்வளவு கூட்டம் இருந்தால் ஒதுங்க வேண்டும் என்று கேட்டால், நான் சொல்லும் அளவுகோல் எளியது: குதிரை யார் மீதும் உரசாமல் ஒரு முழு வட்டம் திரும்புவதற்கு இடம் இல்லாத எந்தப் பகுதிக்குள்ளும் அது நுழையக்கூடாது, உள்ளே இருக்கும்போதே கூட்டம் அந்த அளவுக்குச் சேர ஆரம்பித்தால், முழுவதும் சேரும்வரை காத்திராமல் வெளியேறிவிட வேண்டும்.

கண்ணில் படுவதே பாதுகாப்பு என்ற கருத்து புதியதன்று. லண்டன் நகருக்குள் வரும் சாலைகளில் வழிப்பறி பெருகியபோது, 1763-இல் நீதிபதி ஜான் ஃபீல்டிங் ஒரு குதிரை ரோந்துப் படையை ஏற்படுத்தினார். அரசின் பணம் நின்றதும் அது கலைந்தது. 1805-இல் அது மீண்டும் நிறுவப்பட்டபோது வீரர்களுக்கு நீலச் சட்டைக்கு அடியில் செந்நிற உள்ளங்கி கொடுக்கப்பட்டது. மறைந்திருந்து பிடிப்பதைவிட, வந்துகொண்டிருக்கிறோம் என்று தொலைவிலிருந்தே தெரிவிப்பது கொள்ளையரையும் விலக்கியது, பயணிகளுக்கும் தைரியம் கொடுத்தது. அவர்கள் ஊதியம் பெற்றவர்கள். தன்னார்வலர்களின் மரபை அமெரிக்க மாவட்டங்களில் அதிகம் காணலாம்: அங்கே ஷெரீஃப் எனப்படும் மாவட்டக் காவல் தலைவர் தேவைப்படும்போது குடிமக்களைத் துணைக்கு அழைக்கலாம் என்ற பழைய ஆங்கிலச் சட்ட வழக்கம் தொடர்ந்துவந்தது, பல மாவட்டங்களில் இன்று அது, சொந்தக் குதிரையோடு வந்து திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் காணாமற்போனவர்களைத் தேடும் பணியிலும் உதவும் தன்னார்வக் குழுக்களாக மாறியிருக்கிறது.

இந்தப் பேச்சு எழும் இடமெல்லாம் யாரேனும் ஒருவர் 1923 ஏப்ரல் 28-ஐ நினைவூட்டுவார். அன்று லண்டனின் வெம்பிளி அரங்கில் நடந்த எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு அதிகாரபூர்வக் கணக்கின்படியே 1,26,047 பேர் வந்திருந்தனர். உண்மையில் வந்தவர்கள் அதைவிட மிக அதிகம். ஆடுகளம் முழுவதும் மக்கள் நிரம்பிவிட, ஜார்ஜ் ஸ்கோரி என்ற காவலர் பில்லி என்ற வெளிர்நிறக் குதிரையின் மீதமர்ந்து, மற்றக் குதிரைக் காவலர்களோடு சேர்ந்து அவர்களைப் பொறுமையாகக் கோட்டுக்கு வெளியே நகர்த்தினார். முக்கால் மணி நேரம் தாமதமாக ஆட்டம் தொடங்கியது. மறுக்க முடியாத சாதனைதான். ஆனால் அதைச் செய்தது காவல்துறையின் குதிரை, அதே பணிக்காக அன்றாடம் வேலை பார்த்த காவலர், சட்டம் கொடுத்த அதிகாரம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான். வார இறுதியில் மட்டும் சவாரி செய்யும் அன்பர் ஒருவர் அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் திடலுக்குள் இறங்குவதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

ஆகவே, அதிகார எல்லையைக் காகிதத்தில் எழுதி, உள்ளூர்க் காவல்துறை, ஏற்பாட்டுக் குழு, ரோந்துக் குழு ஆகிய மூவரும் கையொப்பமிட வேண்டும். தன்னார்வலர் யாரையும் பிடிக்கவோ, துரத்தவோ, சோதனையிடவோ, குதிரையைக் குறுக்கே நிறுத்தி வழிமறிக்கவோ கூடாது. ஆயுதமும் தடியும் கூடாது. உடை தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும், ஆனால் காவலர் சீருடை என்று யாரும் மயங்கும்படி இருக்கக்கூடாது. சண்டை ஒன்று மூண்டால் அவர்கள் செய்ய வேண்டியது, பாதுகாப்பான தொலைவில் நின்று, இடத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் அடையாளத்தையும் வாக்கிடாக்கியில் சொல்லி, காவலர் வரும்வரை கண்ணை எடுக்காமல் இருப்பது. இதைச் சிறிய வேலை என்று நினைப்பவர்களைக் குழுவில் சேர்க்காதீர்கள். மூன்றாம் நபருக்கு நேரும் காயத்துக்கான காப்பீடு இன்றி ஒரு குதிரையும் திடலில் கால் வைக்கக்கூடாது. தனிப்பட்ட சவாரிக்காக எடுத்த காப்பீடு பொது நிகழ்ச்சியில் செய்யும் பணிக்குச் செல்லுபடியாகாமல் போகலாம் என்பதால், அதை வாயால் கேட்டு விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

இனி குதிரையைப் பற்றி. அழகையும் வேகத்தையும் மறந்துவிடுங்கள். ரோந்துக்குத் தேவை சலிப்பூட்டும் அளவுக்கு நிதானமான குதிரை. பொலிகுதிரைகளை, அதாவது காயடிக்கப்படாத ஆண் குதிரைகளை, முற்றிலும் தவிர்க்க வேண்டும். ஆறேழு வயதுக்குக் குறைந்த இளங்குதிரைகள் உடலால் வளர்ந்திருந்தாலும் மனத்தால் இதற்குப் பழுத்திரா. கடிக்கும் குதிரைக்கும் உதைக்கும் குதிரைக்கும் விதிவிலக்கே கிடையாது. சவாரி செய்பவர்களிடையே, உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டி மற்றவர்களை எச்சரிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. திருவிழாவுக்கு வரும் மக்களுக்கு அந்த நாடாவின் பொருள் தெரியாது, ஆகவே நாடா கட்டவேண்டிய குதிரை லாயத்திலேயே இருக்கட்டும்.

சவாரி செய்பவரிடம் நான் பார்ப்பது முதலில் ஒன்றைத்தான்: படி எதுவும் இல்லாமல், வெறுந்தரையிலிருந்து, குதிரையின் இரண்டு பக்கங்களிலிருந்தும் அவரால் ஏறவும் இறங்கவும் முடிகிறதா? திடலின் நடுவே இறங்கவேண்டிய நிலை வந்தால் மீண்டும் ஏறுவதற்கு அங்கே யாரும் படி வைத்திருக்கமாட்டார்கள். ஒரு கையால் லகானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாக்கிடாக்கியில் பேசியபடியே குதிரையை நேர்கோட்டில் நடத்தவும், பக்கவாட்டில் நான்கைந்து அடி நகர்த்தவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பக்கவாட்டு நகர்வு கூட்டத்தைத் தள்ளுவதற்காக அன்று. திடீரென்று ஒரு குழந்தை அருகே ஓடிவரும்போது குதிரையின் பின்பகுதியை அக்குழந்தையிடமிருந்து விலக்குவதற்காக. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்த எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற பொதுவான வழிகாட்டுதலை, மணிக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கவேண்டிய இந்த வேலையில் இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றுவது நல்லது.

எல்லாவற்றையும்விட மிகுந்த காலத்தை எடுத்துக்கொள்வது பழக்குதல்தான். இதில் குறுக்குவழி கிடையாது. குதிரையின் புலன்கள் நம்முடையவை போன்றவை அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வரை சுற்றிலும் பார்க்கிறது. ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சிறு பகுதியும் வாலுக்கு நேர் பின்னால் ஒரு பகுதியும் அதற்குத் தெரிவதில்லை. ஆசையோடு மூக்கைத் தடவ நேராக முன்னால் வந்து கையை உயர்த்தும் குழந்தையின் கை, அந்தக் குருட்டுப் பகுதிக்குள்தான் நுழைகிறது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குதிரையின் காது 33,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதால், ஒலிபெருக்கியின் கீச்சொலியில் நமக்குப் புலப்படாத பகுதியும் அதற்குக் கேட்கிறது. இருட்டில் குதிரை நம்மைவிட நன்றாகப் பார்க்கும், ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதன் கண்ணுக்கு நம் கண்ணைவிட நீண்ட நேரம் ஆகிறது. பளபளக்கும் விளக்குத் தோரணங்களுக்கு அடியிலிருந்து நேராக இருண்ட வாகன நிறுத்துமிடத்துக்குள் குதிரையைச் செலுத்தினால் அது தயங்குவது பிடிவாதம் அன்று. அதற்கு வழி தெரியவில்லை. ஓரத்தில் நின்று கண் பழகவிட்ட பிறகே போக வேண்டும்.

திருவிழாவில் எதிர்ப்படக்கூடியவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, அமைதியான வீட்டுச் சூழலில் முன்கூட்டியே அறிமுகப்படுத்த வேண்டும்: பலூன், விரியும் குடை, காற்றில் படபடக்கும் தார்ப்பாய், குழந்தைத் தள்ளுவண்டி, சக்கர நாற்காலி, ஜெனரேட்டர், மேளம், பொம்மை வேடமணிந்த ஆட்கள். பன்றி, ஒட்டகம் போன்றவற்றைக் கண்டும் அவற்றின் வாடைக்கும் பல குதிரைகள் கதிகலங்கும். திடலில் விலங்குக் காட்சி இருந்தால் இதைத் தனியாகச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

குடையை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மூடிய குடையோடு ஒருவர் இருபது முப்பது தப்படிகள் தள்ளி நின்றால் போதும். குதிரை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை அதன் உடம்பில் படிக்கலாம். மிரளப்போகும் குதிரை அதற்கு இரண்டு மூன்று நொடிகளுக்கு முன்பே சொல்லிவிடுகிறது: இரண்டு காதுகளும் ஒரே திசையில் விறைத்து நிற்கும், கழுத்து உயரும், மூக்குத்துளை விரியும், மூச்சு ஒரு கணம் நின்றுபோகும், சேணத்துக்குக் கீழே முதுகுத் தசை பலகைபோல் இறுகுவது நம் தொடைக்குத் தெரியும். அந்த நொடியில் லகானை இறுக்கிப் பிடித்துக் காலால் குத்தினால், அந்தப் பொருள் உண்மையிலேயே ஆபத்தானது என்று நாமே அதற்கு உறுதிப்படுத்திவிடுகிறோம். மாறாக, சவாரி செய்பவர் நீளமாக மூச்சை வெளியே விட்டு, முதுகைத் தளர்த்தி, குதிரையின் மூக்கை இலேசாக ஒரு பக்கம் திருப்பி, அங்கேயே நிற்கவிட வேண்டும். கழுத்து இறங்கி, வாய் எதையோ மெல்லுவதுபோல் அசையத் தொடங்கி, ஒரு காது நம் பக்கம் திரும்பும்போது அந்தப் பாடம் அன்றைக்கு முடிந்தது, குடையை அகற்றிவிடலாம். அடுத்த நாள் பத்துத் தப்படி அருகில். குடைக்காரர் குதிரையை நோக்கி வருவதைவிட, குதிரைக்கு முன்னால் விலகி நடந்துபோக, குதிரை அவரைப் பின்தொடரும்படி செய்தால் பழக்கம் விரைவில் கைகூடும். தன்னைக் கண்டு ஒரு பொருள் விலகிப்போகிறது என்று தோன்றினால் குதிரைக்கு அச்சம் குறைந்து ஆவல் கூடுகிறது. நடுங்கும் குதிரையைக் கட்டிப்போட்டு அதன் மேல் தார்ப்பாயை வீசி 'பழக்குகிறேன்' என்பவர்களை நான் அடியோடு எதிர்க்கிறேன். அப்படிப் பழகிய குதிரை அடங்கியது போலத் தெரியும், உள்ளே பயம் அப்படியே இருக்கும், என்றோ ஒரு நாள் நெரிசலில் அது வெளிப்படும்.

ஆறு மாதங்களாவது வாரந்தோறும் இப்படிப் பழக்கிய பிறகு, கடைகள் அமைத்துக்கொண்டிருக்கும் திடலுக்கே, கூட்டம் வருவதற்கு முந்தைய நாட்களில், குதிரைகளை நடத்திச் சென்று காட்ட வேண்டும். கூடாரக் கயிறுகள், தரையில் ஓடும் மின்கம்பிகளை மூடும் தகடுகள், கழிவுநீர்க் குழி மூடிகள் ஆகியவை எங்கெங்கே இருக்கின்றன என்பதை அப்போதே சவாரி செய்பவர்களும் குறித்துக்கொள்வார்கள்.

பட்டறை வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழவழப்பான இரும்பு லாடம் தார்ச்சாலையிலும் சாலையில் பூசிய வண்ணக் கோடுகளின் மீதும் வழுக்கும். டங்ஸ்டன் கார்பைடு பதித்த ஆணியோ, ரப்பர் லாடமோ, குளம்புக்கு மாட்டும் காலணியோ வேண்டும். எது பொருந்தும் என்பதை லாடம் கட்டுபவர் குதிரையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதையும் திருவிழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே கட்டி நடந்து பழக்க வேண்டும். கடிவாளத்துக்கு அடியில் ஒரு வலுவான தலைக்கயிறு எப்போதும் இருக்கட்டும். இறங்கி நடத்தவோ கட்டவோ நேர்ந்தால் லகானால் கட்டக்கூடாது. மாலைக்குப் பிறகு குதிரையின் கால்களுக்கும் மார்புப் பட்டைக்கும் ஒளியை எதிரொளிக்கும் பட்டை கட்டாயம். தலைக்கவசம் இல்லாமல் சவாரி செய்ய வருபவரை, அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

திடலில் ரோந்து எப்போதும் சோடியாகத்தான் செல்ல வேண்டும். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. அருகில் இன்னொரு குதிரை அமைதியாக இருந்தால் அதுவும் அமைதியாக இருக்கும். அனுபவமுள்ள ஒன்றையும் புதியதொன்றையும் இணைப்பது நல்லது, இரண்டு புதியவற்றை ஒருபோதும் இணைக்காதீர்கள். ஒருவர் இறங்க நேர்ந்தால் மற்றவர் குதிரை மீதே இருந்து சுற்றிலும் கவனிப்பார். ஓரிடத்தில் நிற்கும்போது குதிரையின் பின்பக்கம் வேலியையோ சுவரையோ ஒட்டி இருக்கும்படி நிறுத்தினால், யாரும் தெரியாமல் பின்னால் வந்து நிற்கும் ஆபத்து பெருமளவு நீங்கிவிடும்.

மக்கள் அருகே வரத்தான் செய்வார்கள். அதுவே இந்த ரோந்தின் பெரிய பலம். நடந்துபோகும் காவலாளியிடம் பேசத் தயங்குபவர்கூடக் குதிரையின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து, பேச்சோடு பேச்சாக, அந்தப் பக்கம் சிலர் குடித்துவிட்டுத் தகராறு செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். ஆகவே அவர்களை விரட்டக் கூடாது, ஒழுங்குபடுத்த வேண்டும். 'இந்தப் பக்கமாக வாங்க, தோள்பட்டையில தடவிக் கொடுங்க, ஒருத்தர் ஒருத்தரா வாங்க' என்று சிரித்த முகத்தோடு சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் இருக்க வேண்டும். தின்பண்டம் கொடுக்க அனுமதிக்கவே கூடாது: விரலைக் கடித்துவிடும் அபாயம் ஒருபுறம், தின்று பழகிய குதிரை அடுத்து வருபவரின் பையைத் துழாவத் தொடங்குவது மறுபுறம். தடவிய பிறகு கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்வதும் அவர்கள் கடமை.

வழிதவறிய குழந்தையைக் கண்டால் என்ன செய்வது என்பதைத் தனியாகவே ஒத்திகை பார்க்க வேண்டும். குழந்தையைச் சமாதானப்படுத்தக் குதிரை மீது தூக்கி உட்காரவைப்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் பெரும் பிழை. ஒருவர் இறங்கித் தன் குதிரையைப் பிடித்தபடியே, குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து, சற்றுத் தள்ளி நின்று பேச, மற்றவர் வாக்கிடாக்கியில் இடத்தையும் உடையின் நிறத்தையும் சொல்லி, நடைப்பணியாளரை வரவழைக்க வேண்டும். குழந்தையின் பெயரை உரக்க அறிவிக்க வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைச் சொல்லி உரிமை கொண்டாட முடியும். குழந்தையை அந்த இடத்தை விட்டு நகர்த்தாமல் இருப்பதே பெரும்பாலும் நல்லது, ஏனெனில் தேடிவரும் பெற்றோருக்குக் கூட்டத்துக்கு மேலே எழுந்து தெரியும் குதிரைதான் முதலில் கண்ணில் படும்.

குதிரை போடும் லத்தியை, அதாவது சாணத்தைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை, ஆனால் திருவிழாக் குழுக்களும் குதிரைக் குழுக்களும் மனக்கசப்போடு பிரிவதற்கு அதுவே காரணமாவதுண்டு. ஒரு குதிரை நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ வரை போடும். சோடி ஒன்றுக்கு ஒருவர் வாளியும் மண்வாரியும் கொண்டு கால்நடையாகப் பின்தொடர வேண்டும், அவரும் குழுவின் முழு உறுப்பினராக மதிக்கப்பட வேண்டும். குதிரைகள் ஒவ்வொன்றுக்கும் தனித் தண்ணீர் வாளி வேண்டும். பொதுத் தொட்டியில் எல்லாம் வாய்வைத்தால் சளிக்காய்ச்சல் ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவும்.

வெயில் நாட்களில் மணி நேரத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குதிரையை நிழலுக்குக் கொண்டுவந்து, சேணத்தைத் தளர்த்தி, தண்ணீர் காட்டி, நாடித்துடிப்பைப் பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். நெடுந்தூரக் குதிரைப் பந்தயங்களில் நடுவே நிறுத்திச் சோதிக்கும்போது 64-க்கு மேல் இருந்தால் தொடர விடமாட்டார்கள். வெறுமனே நடந்தும் நின்றும் வேலை செய்த குதிரைக்குப் பதினைந்து நிமிட ஓய்வுக்குப் பிறகும் அந்த அளவு இருந்தால், வெப்பமோ வலியோ அச்சமோ ஏதோ ஒன்று அதை வாட்டுகிறது, அன்றைய பணி அதற்கு முடிந்துவிட்டது. குதிரை வியர்வையோடு உப்பை மிகுதியாக இழக்கிறது என்பதால் தண்ணீரோடு உப்பும் வேண்டும். தண்ணீரே குடிக்காமல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, தரையைக் காலால் பறித்தால் வயிற்றுவலி என்று எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். அவருடைய எண் ஒவ்வொரு சவாரியின் சட்டைப் பையிலும் இருக்கட்டும்.

குதிரை ஒன்று சவாரியை வீழ்த்திவிட்டு ஓடினால் என்ன செய்வது என்பதை எல்லாப் பணியாளர்களும் அறிந்திருக்க வேண்டும், ரோந்துக் குழு மட்டும் அறிந்தால் போதாது. யாரும் துரத்தக்கூடாது, கத்தக்கூடாது, கைகளை வீசி மறிக்கக்கூடாது. துரத்தினால் அது கூட்டத்துக்குள்தான் பாயும். உடனே வாக்கிடாக்கியில் ஒரே ஒரு முன்குறித்த சொல்லைச் சொல்ல, சாலையை நோக்கிய வாயில்களை அங்கங்கே உள்ளவர்கள் மூட வேண்டும். மற்றச் சவாரிகள் தங்கள் குதிரைகளை அப்படியே நிறுத்த வேண்டும். தனியே ஓடும் குதிரை பெரும்பாலும் தன் கூட்டாளிகளையோ வந்திறங்கிய வண்டியையோ தேடித்தான் போகும், ஆகவே அந்த வண்டி நிற்கும் இடம் நெரிசலுக்கு வெளியே, திடலின் ஓரத்தில் இருக்கும்படி முதலிலேயே திட்டமிட வேண்டும். தீயோ நெரிசல் பீதியோ மூண்டால் குதிரைகள் உள்ளே போகாமல் வெளி எல்லைக்கு விலகி, எந்த வாயிலில் அடைப்பு ஏற்படுகிறது, எந்தப் பாதை காலியாக இருக்கிறது என்பதை அங்கிருந்து சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் மனிதர்களே தம் விருப்பப்படி நகர முடியாது. அந்த இடத்தில் குதிரைக்கு எந்த வேலையும் இல்லை.

உங்கள் முதல் ஆண்டுக்கு நான் பரிந்துரைப்பது: நான்கே குதிரைகள், இரண்டு சோடிகள், பகலில் மட்டும், வாகன நிறுத்துமிடமும் வெளி வேலியும் மட்டும். இரவுப் பணியை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆறு மாதம்கூட இல்லையென்றால் இந்த ஆண்டு குதிரைகளை அணிவகுப்பில் கைப்பிடியாக நடத்திக் காட்டுவதோடு நிறுத்திவிட்டு, ரோந்துக்கு மிதிவண்டிக் குழுவைப் பயன்படுத்துங்கள். குழுவில் எல்லோரும் நண்பர்களாக இருப்பார்கள் என்பதால், சவாரி செய்யாத ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்து, எந்தக் குதிரையையும் எந்தச் சவாரியையும் எந்த நேரத்திலும் காரணம் விளக்காமலேயே வீட்டுக்கு அனுப்பும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள். காலையில் வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு குதிரையையும் அவர் ஒரு சுற்று நடத்திப் பார்க்கட்டும். நொண்டலோ, இருமலோ, வழக்கத்துக்கு மாறான பதற்றமோ தெரிந்தால் சேணம் கட்டுவதற்கு முன்பே முடிவு சொல்லிவிட வேண்டும். சேணம் கட்டி, சீருடை அணிந்து, வாயில்வரை வந்துவிட்டவரைத் திருப்பி அனுப்ப எந்த நண்பருக்கும் மனம் வராது.